பெட்ரோல் விலை ஏறினால் மாதம் 500 ரூபாய்தானே கூடும், நடுத்தரக் குடும்பங்கள் ஏன் இவ்வளவு புலம்புகின்றன?

இதைக் கேட்டவருக்கு வீட்டிலிருந்து ஆபீஸ் நாலைந்து கிலோமீட்டர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் அந்தத் ‘தானே’ வந்திருக்காது. சண்டைக்கு வரவில்லை, என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன்.

எனக்குக் கூடுவாஞ்சேரியில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறிப் போனால் போக வர 70 கிலோமீட்டர். பைக் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும். மாதம் 36 லிட்டர். 2020 மார்ச்சில் சென்னையில் லிட்டர் 72 ரூபாய்க்கு வந்தது, 2,600 ரூபாயில் மாதம் ஓடியது. 2022 ஏப்ரலில் 110 ரூபாய் 85 காசு. அதே 36 லிட்டருக்கு 4,000 ரூபாய். சம்பளம் அந்த இரண்டு வருடத்தில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை.

ரயிலில் போகலாமே என்று யாராவது எழுதுவார்கள். முதல் ஷிப்ட் காலை 6 மணிக்கு. ஸ்டேஷன் போய், பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலில் ஆவடி வண்டி பிடித்து, அம்பத்தூரில் இறங்கி எஸ்டேட்டுக்குள் போக வேண்டும். 6 மணிக்கு மெஷின் முன்னால் நிற்க முடியாது. அதுவும் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது? வீடு வாங்கும்போது புரோக்கர் ‘ஸ்டேஷன் 5 நிமிடம்’ என்றார், நோட்டீசிலும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். அளந்து பார்த்தால் மூன்றரை கிலோமீட்டர். மழைக்காலத்தில் அந்த ரோட்டில் ஷேர் ஆட்டோகூட உள்ளே வராது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்குகிறவனிடம் இப்படிப் பொய் சொல்ல எப்படி மனசு வருகிறதோ தெரியவில்லை. இன்னும் 11 வருடம் இ.எம்.ஐ. கட்ட வேண்டும், விற்றுவிட்டு அம்பத்தூர் பக்கம் போகவும் வழியில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்ரோல் பங்கில் கொடுக்கும் காசு கண்ணுக்குத் தெரிகிறது. அதன் பின்னாலேயே ஏறுகிறதே, அதுதான் குடும்பத்தை அமுக்குகிறது. 2022 ஜூனில் பள்ளி திறந்தபோது பாப்பாவின் வேன் கட்டணம் 900இலிருந்து 1,500 ஆனது. அதற்கு முந்தைய மாதம்தான் மத்திய அரசு பெட்ரோலுக்கு 8 ரூபாய், டீசலுக்கு 6 ரூபாய் கலால் வரியைக் குறைத்திருந்தது. வேன்கார அண்ணனிடம் கேட்டேன். “குறைஞ்சது இப்போதான் தம்பி, ரெண்டு வருஷமா ஏறினதை நான் யார்கிட்ட வாங்குறது? டயர் என்ன விலைன்னு தெரியுமா?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை, அவர் வீட்டிலும் இதே நிலைமைதான். ஆனால் 1,500 திரும்பி 900 ஆகவே இல்லை. கோயம்பேட்டிலிருந்து காய்கறி கொண்டுவரும் டெம்போ வாடகையும் அப்படித்தான், ஏறினது ஏறினதுதான்.

கேஸ் தனிக்கதை. 2020 நவம்பரில் 610 ரூபாய் இருந்த சிலிண்டர் 2022 ஜூலையில் 1,068 ரூபாய் 50 காசு. மானியமும் அதற்கு முன்பே நின்றுவிட்டது. என் மனைவி ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துவிட்டுப் பார்ப்பாள். கேஸ் இருக்கும் இடம் வரைக்கும் ஈரம் காயத் தாமதமாகும், அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவாள். கோடு ரொம்பக் கீழே இறங்கிவிட்டால் அந்த வாரம் பலகாரம் கிடையாது. சாதம், பருப்பு, காய் மூன்றும் ஒரே குக்கரில் அடுக்கு வைத்து வேகும். அம்மா வெந்நீர் கேட்பதையே நிறுத்திவிட்டார். யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.

கட்சி அரசியல் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2020 ஏப்ரலில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் தரைக்கு வந்தது. அடுத்த மாதமே மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரி ஏற்றியது, மாநில அரசும் அதே மாதம் வாட் வரியை ஏற்றியது. 2021 ஆகஸ்டில் மாநிலம் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது உண்மை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உலகச் சந்தையில் விலை விழுந்தபோது எங்களுக்கு ஒன்றும் வரவில்லை, ஏறியபோது மட்டும் முழுசாக வந்தது. இதைச் சொன்னால் புலம்பல் என்றால் என்ன செய்வது?

சிக்கனமாக இருக்கத் தெரியவில்லை என்பவர்களுக்கும் ஒன்று. கார் இல்லை, ஓட்டல் இல்லை, 2019 மார்ச்சில் பாப்பா பெயரில் தபால் ஆபீசில் மாதம் 1,500 ரூபாய்க்கு ஆர்.டி. (தொடர் வைப்பு) போட்டோம். 2022 ஆகஸ்டில் அதை முன்கூட்டியே முடித்தோம், அதனால் சேமிப்புக் கணக்குக்கான 4 சதவீத வட்டிதான் கிடைத்தது. வீட்டு வரவு செலவு நோட்டில் ‘பாப்பா ஆர்.டி.’ என்ற வரி அந்த மாதத்தோடு நிற்கிறது. அந்த 1,500 ரூபாய் இப்போது மேலே பெட்ரோல், கேஸ், வேன் என்ற மூன்று வரிகளில் இருக்கிறது.