அகாடமிக்கு முந்தைய ஏழு ஆண்டுகள்

படைத்துறை அகாடமியில் பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மாணவர்களை அதற்கெனத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். படை அதிகாரிகளாக விரும்பும் பிள்ளைகளைத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளியான அமராவதிநகர் சைனிக் பள்ளியில் சேர்த்து, பிறகு முப்படைகளுக்கும் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும், கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு (என்.டி.ஏ.) அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஆசை. தமிழ்வழியில் படிப்பது தடையாகுமா? பயிற்சி மையத்தில் சேர்த்தே ஆக வேண்டுமா? (வாசகி ஒருவர், திண்டுக்கல்)

பதில்: சேர்வதற்குத் தடையாகாது. சேர்ந்த பிறகு ஓராண்டுக் காலம் சிரமமாக இருக்கும். இரண்டையும் தனித்தனியே பார்ப்போம்.

ஆறாம் வகுப்புக்கான நுழைவுத் தேர்வைத் தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. அதைத் தமிழிலேயே எழுதலாம். 125 கேள்விகள், 300 மதிப்பெண்கள், இரண்டரை மணி நேரம். மொழிக்கும் பொது அறிவுக்கும் நுண்ணறிவுக்கும் தலா 50 மதிப்பெண்கள் போக, மீதமுள்ள 150-உம் கணிதத்துக்கே உரியவை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று பிள்ளைக்கு 10 வயது நிறைந்திருக்க வேண்டும். 12-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. ஆகவே தேர்வின் பாதி எடை கணிதத்தின் மீது நிற்கிறது என்பதை மனத்தில் கொண்டு, பின்னம், விழுக்காடு, விகிதம், பரப்பளவு, லாப நட்டம் ஆகியவற்றில் வாக்கியக் கணக்குகளைத் தினமும் பத்துப் பதினைந்து போடவையுங்கள். என் அனுபவத்தில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் கணக்குப் போடுவதில் அன்று. கேள்வியைப் படித்து என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்வதில்தான். எனவே கணக்கை உரக்கப் படித்து, தன் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் உடன் உட்கார முடியுமானால், பயிற்சி மையம் கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

சேர்ந்த பிறகு பாடமும் பேச்சும் ஆங்கிலத்தில்தான். தமிழ்வழியில் வந்த பிள்ளை முதல் சில மாதங்கள் வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அது மந்தம் அன்று. தவறாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சமே காரணம். ஆறாம் வகுப்பில் அப்படி வந்த ஒரு மாணவனிடம், அன்றன்று நடந்ததை ஆங்கிலத்தில் மூன்று வரியாவது எழுதி மறுநாள் காட்டும்படி சொன்னேன். முதல் நோட்டில் வரிக்கு நான்கு பிழைகள். ஒன்பதாம் வகுப்புக்குள் அவன் விடுதியின் சுவர்ப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டான். பின்னாளில் அகாடமிக்கும் போனான். உங்கள் மகனுக்கு இப்போதிருந்தே எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுங்கள். தமிழ்ப் புத்தகங்களையும் நிறுத்திவிடாதீர்கள். தமிழில் நன்றாகப் படித்துப் பழகிய பிள்ளைக்கு ஆங்கிலம் சற்றுத் தாமதமாக வந்தாலும் உறுதியாக வந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. உடுமலைப்பேட்டைக்கு அருகே, அமராவதி அணையை ஒட்டி மலையடிவாரத்தில் இருக்கிறது அந்தப் பள்ளி. பத்து வயதுப் பிள்ளை வீட்டை விட்டு அங்கே தனியாக இருக்க வேண்டும். தன் துணியைத் தானே துவைக்கவும், படுக்கையை மடிக்கவும், பரிமாறியதைச் சாப்பிடவும் இந்த ஓராண்டிலேயே பழக்குங்கள். விருப்பம் இல்லாத பிள்ளையை உங்கள் ஆசைக்காக மட்டும் அனுப்பாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: சைனிக் பள்ளியில் சேர்ந்தால் அகாடமியில் இடம் உறுதியா? படைக்குப் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இடமும் உறுதி இல்லை, கட்டாயமும் இல்லை. படை அதிகாரிகள் சில மாநிலங்களிலிருந்தும் சில பிரிவுகளிலிருந்தும் மட்டுமே வருகிறார்கள் என்ற குறையைப் போக்கவே, 1961-இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் இப்பள்ளிகளுக்கு வித்திட்டார். அமராவதிநகர் பள்ளி 1962 ஜூலையில் தொடங்கியது. மாணவரை அகாடமிக்குத் தயார்செய்வதே இவற்றின் நோக்கம். ஆயினும் அகாடமியின் தேர்வில் இப்பள்ளி மாணவர்களுக்கென எந்தச் சலுகை மதிப்பெண்ணும் கிடையாது. கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு என்பதால், தொகையைக் கேட்டவுடன் பின்வாங்கிவிட வேண்டாம்.

கேள்வி: நான் பதினொன்றாம் வகுப்பு மாணவன். சைனிக் பள்ளியில் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. இனி முயன்றால் என்.டி.ஏ. எழுத்துத் தேர்வில் வெல்ல முடியுமா? (மாணவர், விருதுநகர்)

பதில்: முடியும், தம்பி. யு.பி.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) இத்தேர்வை ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. அகாடமியில் பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். தரைப்படைப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவும் போதும். கடற்படைக்கும் விமானப்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். கணிதத் தாளில் 120 கேள்விகளுக்கு 300 மதிப்பெண்கள். பொதுத் திறன் தாளில் 150 கேள்விகளுக்கு 600 மதிப்பெண்கள், அவற்றில் 200 ஆங்கிலத்துக்கு. சைனிக் நுழைவுத் தேர்வு போலன்றி, இங்கே ஒவ்வொரு தவறான விடைக்கும் அக்கேள்விக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும்.

அண்மைய ஆண்டுகளில், எழுத்துத் தேர்வுக்கு அடுத்த கட்டமான எஸ்.எஸ்.பி. (படைப் பணித் தேர்வு வாரியம்) நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களின் கடைசி மதிப்பெண் 900-க்கு 300-ஐ ஒட்டியே இருந்து வந்திருக்கிறது. எல்லாக் கேள்விகளையும் தொட வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம் என்பதே இதன் பொருள். உறுதியாகத் தெரிந்தவற்றைத் தெளிவாகப் போட்டு, தெரியாதவற்றை விட்டுவிடும் மனக்கட்டுப்பாடு வேண்டும். பள்ளிப் பாடப் புத்தகங்களை முழுமையாகப் படித்துவிட்டு, பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பாருங்கள். தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகின்றன. ஆகையால் நாளிதழ் ஒன்றை ஆங்கிலத்தில் தினமும் படிப்பது பொது அறிவுக்கும் மொழிக்கும் சேர்த்தே உதவும்.

கேள்வி: என் மகன் எழுத்துத் தேர்வில் இருமுறை தேறியும் எஸ்.எஸ்.பி. தேர்வில் திருப்பி அனுப்பப்பட்டான். முதல் முறை முதல் நாளிலேயே. இரண்டாம் முறை ஐந்து நாளும் இருந்து கடைசியில். ஒவ்வொரு முறையும் ஒரு மாதம் பயிற்சி மையத்தில் படித்தே போனான். எங்கே தவறு? (தந்தை, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் மகனைப் பார்க்காமல் அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. ஆனால் ஒவ்வொரு முறையும் பயிற்சி மையத்தில் படித்தே போனான் என்று நீங்கள் எழுதியது என்னைத் தைக்கிறது. இதே தவறை நாங்களும் செய்திருக்கிறோம்.

முதல் நாளில் நுண்ணறிவுக் கேள்விகளும், மங்கலான படம் ஒன்றை அரை நிமிடம் காட்டி அதற்குக் கதை எழுதச் செய்து, பின் குழுவாகப் பேசச் செய்யும் சோதனையும் நடக்கும். அழைக்கப்பட்டவர்களில் பெரும் பகுதியினர் அன்றே வீடு திரும்புகிறார்கள். தங்கியவர்களை உளவியலாளர், குழுச் சோதனை அதிகாரி, நேர்காணல் அதிகாரி என மூவர் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள். உளவியல் தேர்வில் 60 சொற்களைக் காட்டுவார்கள், ஒவ்வொன்றுக்கும் மனத்தில் தோன்றுவதை 15 விநாடியில் எழுத வேண்டும். 60 சூழ்நிலைகளில் தான் என்ன செய்வான் என்பதை அரை மணி நேரத்தில் எழுத வேண்டும். இவை தவிரப் படக் கதைகள். குழுச் சோதனையில் பலகையும் கயிறும் கட்டையும் கொண்டு தடைகளைக் கடக்க வேண்டும். கடைசி நாள் மூவரும் கூடித் தாங்கள் கண்டதை ஒப்பிடுகிறார்கள். மனம், வாக்கு, செயல் என்று நம் முன்னோர் சொன்ன மூன்றும் ஒரே ஆளைக் காட்டுகின்றனவா என்பதுதான் அங்கே கேள்வி.

விடைகளை மனப்பாடம் செய்வது இந்த இடத்தில்தான் கவிழ்க்கிறது. நான் பணியாற்றிய பள்ளியில் ஒரு காலத்தில், எஸ்.எஸ்.பி.க்குப் போகும் மாணவர்களை உட்காரவைத்து, 'தோல்வி' என்ற சொல் வந்தால் இப்படி எழுது, தீப்பிடித்த வீட்டின் படம் வந்தால் கதாநாயகன் இப்படிச் செய்வான் என்று எழுதிக் கொடுத்துப் படிக்கவைத்தோம். தாளில் அவர்கள் அஞ்சாதவர்களாகத் தெரிந்தார்கள். மறுநாள் மைதானத்தில் கயிற்றை யார் கட்டுவது என்ற பேச்சில் வாய் மூடி நின்றார்கள். தாள் ஒன்று சொல்ல, ஆள் வேறொன்று சொன்னான். நல்ல பிள்ளைகள் பலர் அப்படித் திரும்பி வந்தார்கள். அவர்கள் முகம் வாடி விடுதிக்குள் நுழைந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னர் அந்த வகுப்பை நிறுத்திவிட்டு, மாணவர்களுக்கு உண்மையான பொறுப்புகளைக் கொடுத்தோம். பதினான்கு வயது மாணவன் முப்பது இளைய மாணவர்களை விடியற்காலையில் எழுப்பி, காய்ச்சல்காரனை மருத்துவ அறைக்கு அனுப்பி, மற்றவர்களை உடற்பயிற்சிக்கு வரிசையில் நிறுத்த வேண்டும். அதட்டினால் இரண்டு நாள் நடக்கும், மூன்றாம் நாள் நடக்காது என்பதை அவனே கண்டுகொள்வான். உணவுக் குழு, நூலகம், மலையேற்றத்துக்கான பொருள் கணக்கு என்று அவன் தானே முடிவெடுத்து, தவறு செய்து, அதை ஒப்புக்கொண்டு திருத்தும் வாய்ப்புகள் அமைந்தால், சொல்லுக்கு 15 விநாடியில் அவன் எழுதுவது அவன் வாழ்ந்ததாகவே இருக்கும். உறைவிடப் பள்ளி ஏழு ஆண்டுகளில் செய்யும் வேலை இதுதான். ஒரு மாதப் பயிற்சியால் இதைத் தர முடியாது.

உங்கள் மகனுக்கு வயது இருக்குமானால், அடுத்த முறைக்கு முன் பயிற்சி மையத்தைத் தவிருங்கள். ஊர்க் கோயில் விழாவில் அன்னதானப் பொறுப்பு, தெருப் பிள்ளைகளின் விளையாட்டுக் குழு, என்.சி.சி. முகாம், வீட்டின் மாதச் செலவுக் கணக்கு ஆகியவற்றில் எதையாவது முழுமையாக அவன் கையில் விடுங்கள். குறுக்கிடாதீர்கள். நேர்காணலில் 'உன் தந்தையிடம் உனக்குப் பிடிக்காதது என்ன?' என்று கேட்டால் அவன் உண்மையைச் சொல்லும் அளவுக்கு வீட்டில் பேச்சு இருக்கட்டும்.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் ராணுவ அதிகாரியாக விரும்புகிறாள். பெண்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறதா? (தாய், தூத்துக்குடி)

பதில்: திறந்துவிட்டது, அம்மா. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இட்ட இடைக்கால ஆணையால் அவ்வாண்டு நவம்பரில் பெண்கள் முதல்முறையாக என்.டி.ஏ. தேர்வு எழுதினார்கள். 2022-இல் சேர்ந்த முதல் அணியில் 17 பெண்கள் மூன்றாண்டுப் பயிற்சியை முடித்து 2025 மே மாதம் வெளியேறினார்கள். சைனிக் பள்ளிகள் அனைத்திலும் 2021-22 கல்வியாண்டு முதல் ஆறாம் வகுப்பில் பெண்கள் சேர்கிறார்கள். டேராடூனில் 1922-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரியும் நூறாண்டு கழித்துப் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அங்கே எட்டாம் வகுப்பில் சேர்வதற்கான தேர்வைத் தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிறது. வயது வரம்பு பதினொன்றரையிலிருந்து பதின்மூன்றுக்குள் என்பதால், உங்கள் மகளின் பிறந்த தேதியை முதலில் பாருங்கள். அது கடந்துவிட்டிருந்தாலும் கவலை வேண்டாம். இருக்கும் பள்ளியிலேயே கணிதத்தையும் அறிவியலையும் விடாமல் படித்து, தினமும் ஓடிப் பழகி, பன்னிரண்டாம் வகுப்பில் நேராக யு.பி.எஸ்.சி. தேர்வை எழுதலாம்.

கேள்வி: ஏழு ஆண்டுகள் செலவழித்தும் அகாடமி கிடைக்காவிட்டால் பிள்ளையின் நிலை என்ன? (வாசகர், சேலம்)

பதில்: சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த எந்த மாணவருக்கும் உள்ள எல்லா வழிகளும் அவருக்கும் உண்டு. படையே வேண்டும் என்றால், பட்டப் படிப்புக்குப் பின் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணி) தேர்வு எழுதி டேராடூனில் உள்ள இந்திய ராணுவ அகாடமிக்கோ, சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கோ போகலாம். உடல் தகுதிக் குறைபாட்டால் வாய்ப்பை இழப்பவர்களும் உண்டு. நிறக்குருடு, தட்டைப் பாதம், முட்டி இடித்தல் போன்றவற்றைப் பன்னிரண்டாம் வகுப்பில் கண்டு அழுவதைவிட, ஆறாம் வகுப்பில் சேர்க்கும் முன்பே நல்ல மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். முடிவுகள் வரும் நாளில் பள்ளிக்குத் தொலைபேசி செய்யும் பெற்றோர் பலரும் முதலில் என்னிடம் கேட்பது மதிப்பெண்ணைத்தான். 'பையன் சாப்பிட்டானா?' என்று கேட்ட தந்தை ஒருவரும் இருந்தார். அவருடைய மகன் அன்று தேர்வு பெறவில்லை. மறுநாள் காலை உடற்பயிற்சிக்கு எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றான்.