நீளமான கனெக்டிங் ராடு போட்டால் சக்தி கூடுமா?

கேள்வி: நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் புதிதாகக் கட்டுகிறேன். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86 மி.மீ., கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்க் என்ற சுழலும் தண்டுடன் இணைப்பது) 143 மி.மீ. ராடு 5 மி.மீ. நீளமாக இருந்தால் சக்தியும் ஆயுளும் கூடும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: ராடுக்காக மட்டும் என்றால் வேண்டாம். எப்படியும் புதிய பிஸ்டன் வாங்கப் போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம்.

ராடு நீண்டால் ஸ்ட்ரோக் நீளாது. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் கிராங்க்கின் கையில் இருக்கிறது. எஞ்சினின் கொள்ளளவும் மாறாது. பழைய பிஸ்டனையே வைத்து நீளமான ராடைப் பூட்டினால், பிஸ்டன் 5 மி.மீ. கூடுதலாக மேலேறி, சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டில் மோதும். எனவே ‘பின்’ (pin, பிஸ்டனை ராடுடன் இணைக்கும் உருளை) நுழையும் துளை அதே அளவு மேலே உள்ள பிஸ்டன் தேவை.

கணக்கு எளிது. ஸ்ட்ரோக்கில் பாதி, ராடின் நீளம், பின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம் ஆகிய மூன்றையும் கூட்டினால், கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள எஞ்சின் உடல்) மேல்தளம் வரையுள்ள உயரத்தை ஏறக்குறைய எட்ட வேண்டும். அந்த உயரம் 218 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 43, 143, 32. ராடு 148 ஆனால் பிஸ்டனுக்கு மிஞ்சுவது 27.

இதில் கிடைப்பது என்ன? ராடு–ஸ்ட்ரோக் விகிதம் 1.66இலிருந்து 1.72 ஆகிறது. ராடின் அதிகபட்சச் சாய்வு 17.5 பாகையிலிருந்து 16.9 ஆகக் குறைகிறது. சிலிண்டர் சுவரில் பிஸ்டன் அழுந்துவது அந்த அளவுக்குத்தான் தணியும். மேல் முனையில் பிஸ்டன் தாங்கும் முடுக்கம் ஒரு சதவீதம்கூடக் குறைவதில்லை. நீளமான ராடில் பிஸ்டன் மேலே சற்று அதிக நேரம் நிற்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் கிராங்க் 30 பாகை திரும்பிய பிறகும் இரண்டு ராடுகளுக்கும் இடையே பிஸ்டன் நிலையில் உள்ள வேறுபாடு 0.05 மி.மீ. அளவுதான். இதை நம்பிக் குதிரைத்திறனை எதிர்பார்ப்பது வீண்.

உண்மையான ஆதாயம் பிஸ்டனின் எடையில் இருக்கிறது. குட்டையான பிஸ்டன் இலகுவாக இருக்கும். உயர் சுழற்சியில் ராடு போல்ட்டுகளின் சுமை குறையும். செவ்ரோலேயின் 350 வி8 எஞ்சினில் 5.7 அங்குல ராடை எடுத்துவிட்டு 6 அங்குல ராடு போடுவது பந்தயக்காரர்களிடம் பழகிப்போன மாற்றம். அங்கே 1.56 அங்குலமாக இருந்த, பின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம் சுமார் 1.25 ஆகிறது. ஸ்ட்ரோக்கைக் கூட்டிக் கட்டுபவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: பிஸ்டன் கீழே வரும்போது அதன் பாவாடைக்கும் (கீழ்ப்புறச் சுவர்) கிராங்க்கின் எதிர் எடைக்கும் இடையே கூடுதல் இடைவெளி கிடைக்கும்.

பின் துளையை மேலே ஏற்றிக்கொண்டே போகவும் முடியாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளுக்கான இடம் நெருக்கப்படும். ஒரு கட்டத்தில் ஆயில் ரிங் பள்ளம் பின் துளையையே வெட்டும்; அப்போது அந்த ரிங்கைத் தாங்கத் தனி வளையம் வைக்க வேண்டியிருக்கும். டர்போ பொருத்தும் எண்ணம் இருந்தால் நான் குட்டைப் பிஸ்டன் பக்கமே போகமாட்டேன். முதல் ரிங்குக்கு மேலேயும் ரிங்குகளுக்கு இடையிலும் கனமான உலோகம் இருப்பது அங்கே முக்கியம்.

சாலையில் ஓட்டும் வண்டி என்றால் 143 மி.மீ. ராடையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் விரிசல் இருக்கிறதா, வளைவு இருக்கிறதா என்று சோதித்து, புதிய போல்ட்டுகள் போட்டு, கிராங்க்கில் பூட்டும் பெரிய முனைத் துளையின் வட்டத்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மிச்சப்படும் பணம் ஹெட் வேலைக்கும் பேலன்சிங்குக்கும் போகட்டும். நீளமான ராடுதான் என்று முடிவெடுத்தால், பிளாக்கின் உயரத்தை அளந்து பிஸ்டனை முதலில் தேர்ந்தெடுங்கள். இடையில் மிஞ்சும் நீளத்துக்கு ராடு வாங்குங்கள். வாங்கும்போது கேட்க வேண்டியது இரு துளைகளின் மையங்களுக்கு இடையேயான அளவு. ராடின் மொத்த நீளம் அல்ல. பெரிய முனையின் அகலமும் பின்னின் விட்டமும் பொருந்துகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.