குளியலறை வாடைக்கு வாசனை ஸ்ப்ரேதான் தீர்வா?

கேள்வி: ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். குளியலறைக்குச் சன்னல் கிடையாது. காற்றை வெளியேற்றும் விசிறி மட்டுமே உண்டு. பேரங்காடியில் வாங்கும் வாசனை ஸ்ப்ரேயையும், கழிப்பறைக் கிண்ணத்தில் தொங்கவிடும் கட்டியையும் பயன்படுத்தி வருகிறோம். மகனுக்கு ஆஸ்துமா இருப்பதால் இவற்றை நிறுத்திவிட்டு, வீட்டிலேயே எதையாவது செய்துகொள்ளலாமா? (வாசகி, பினாங்கு)

பதில்: தாராளமாக நிறுத்திவிடலாம், ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் நிறுத்துவதே நல்லது. ஸ்ப்ரே வாடையைப் பெரும்பாலும் போக்குவதில்லை. அதைவிடத் தூக்கலான ஒரு மணத்தால் அதை மூடிவிடுகிறது. டின்னின் பின்புறத்தைப் பார்த்தால், பல பொருள்களின் கலவையாகிய அந்த மணம் பெரும்பாலும் 'வாசனைப் பொருள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். மணம் நீடித்து நிற்பதற்காகத் தாலேட் வகை வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுவதும் உண்டு. பாச்சை உருண்டையின் நெடியடிக்கும் சில கழிப்பறைக் கட்டிகளில் பாராடைகுளோரோபென்சீன் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ள பொருள்களின் பட்டியலில் 1999-இல் இதை வைத்தது. சன்னலில்லாத சிறிய அறையில் இந்த ஆவி எளிதில் வெளியேறாது.

மாற்றுப் பொருளைத் தேடுவதற்கு முன், வாடை எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். தரையிலுள்ள வடிகால் துளைக்குக் கீழே எப்போதும் சிறிது நீர் தேங்கியிருக்கும். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்த நீர்தான். விருந்தினருக்கென்று ஒதுக்கி, பல நாள் பயன்படுத்தாமல் விட்ட குளியலறையில் அது வற்றிவிடுவதால், அழுகிய முட்டை போன்ற வாடை மேலே வருகிறது. அதற்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாலே போதும். மூடியைக் கழற்றி, அதில் சிக்கியிருக்கும் முடியையும் சோப்புப் பிசுக்கையும் எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

மூக்கில் ஏறும் கார வாடை என்றால், அது சிறுநீரிலிருந்து உண்டாகும் அம்மோனியா. கழிப்பறை இருக்கையைத் தூக்கிப் பாருங்கள்: அதைப் பிணைக்கும் திருகுகளைச் சுற்றியும், கிண்ணம் தரையைத் தொடும் விளிம்பிலும் மஞ்சள் படிவு இருக்கும். அம்மோனியா காரத் தன்மை கொண்டது என்பதால் அதற்கு அமிலம்தான் மாற்று. வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து அந்த இடங்களில் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். வினிகரின் நெடி காய்ந்ததும் போய்விடும். ஆனாலும் இந்த வேலையை மகன் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் விசிறியை ஓடவிட்டுச் செய்யுங்கள். பினாங்கின் பழைய வீடுகளில் காணப்படும் டெராசோ (கல் சில்லுகள் பதித்த சிமெண்டு) தரையிலும் பளிங்கிலும் வினிகர் படக்கூடாது. அமிலம் அவற்றை அரித்து மங்கலாக்கிவிடும். குளோரோக்ஸ் போன்ற வெளுப்பானோடு வினிகரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். உங்கள் மகனுக்கு அது பேராபத்து.

இதற்குப் பிறகும் மிஞ்சும் வாடைக்குச் சமையல் சோடாவும் கரியும் உதவும். வாயகன்ற கிண்ணத்தில் சோடாவைப் பரப்பி, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வையுங்கள். ஈரம் ஏறிக் கட்டிபட்டுவிட்டால் மாற்றிவிடுங்கள். கோலா செப்பெத்தாங்கில் சதுப்புநில மரத்தைச் சுட்டு எடுக்கும் கரியைத் துணிப் பையில் கட்டியும் தொங்கவிடலாம். அது மருந்துக்குப் பயன்படும் கரியளவுக்கு வாடையை ஈர்க்காது. ஆனாலும் விலை மலிவு, அவ்வப்போது வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம்.

மணம்தான் வேண்டுமென்றால் நம் சந்தையிலேயே எல்லாம் கிடைக்கிறது. நம் ஊர் டாக்சிகளில் இருக்கைக்குப் பின்னால் வைத்திருப்பார்களே, அதே பாண்டான் இலையை நான்கைந்தாக எடுத்து நறுக்கி, சிறு தட்டில் வைத்தால் இதமாக மணக்கும். சாறு பிழிந்த கஸ்தூரி எலுமிச்சைத் தோலில் இரண்டு கிராம்பைக் குத்தி வைப்பதும், செராய் தண்டை நசுக்கிக் கொதிக்கவைத்த நீரை ஆறவிட்டுத் தரையில் ஊற்றுவதும் எனக்குப் பிடித்த முறைகள். இவை சில நாள்களே தாங்கும். இலை பழுப்பேறினாலோ தோலில் பூசணம் தெரிந்தாலோ உடனே எறிந்துவிடுங்கள், ஏனென்றால் பூசணமும் ஆஸ்துமாவைத் தூண்டும். ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்; மகன் இருமினால், அது இயற்கைப் பொருளேயானாலும் அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் பொருள்.

கேள்வி: ரசாயன வாசனைப் பொருள்களுக்குப் பதிலாகக் கற்பூரம், சாம்பிராணி, 'நூறு விழுக்காடு இயற்கை' என்ற முத்திரையோடு விற்கும் எண்ணெய் ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. (வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: கைக்குழந்தை இருக்கும்வரை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். கற்பூரத்தைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வலிப்பு வரக்கூடும். சாம்பிராணிப் புகை, புகைதான். மூடிய அறையில் அதன் நுண்துகள்கள் நுரையீரலுக்குள் போகும். யூக்கலிப்டஸ் போன்ற அடர்த்தியான எண்ணெய்கள் குழந்தையின் மூச்சைப் பாதிக்கலாம். பாச்சை உருண்டையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லியாக வேண்டும்: நம் மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டுக்கான பரிசோதனை செய்கிறார்கள் அல்லவா, அந்தக் குறைபாடுள்ள குழந்தைக்கு நாப்தலீன் உருண்டையின் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அதை வீட்டுக்குள் எங்குமே வைக்காதீர்கள்.

முத்திரையைப் பொறுத்தவரை, 'இயற்கை' என்று பெரிதாக அச்சிட்டுவிட்டு உள்ளடக்கத்தைச் சொல்லாத புட்டியை நான் வாங்க மாட்டேன். பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவது 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். ஐயம் இருந்தால் ரசீதோடும் புட்டியின் படத்தோடும் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம்.

கேள்வி: சோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கலக்கிப் புட்டியில் வைத்துக்கொண்டால் இரட்டிப்புப் பலன் கிடைக்குமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: கிடைக்காது. காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துவிடுவதால், நுரை அடங்கியபின் எஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைசல்தான். நுரைக்கும்போது கரியமில வாயு வெளிவருவதால், இறுக மூடிய புட்டி வெடிக்கவும் கூடும். வினிகரைப் படிவுக்கும் சோடாவை வாடை ஈர்க்க வைக்கும் கிண்ணத்துக்குமாகத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.