அத்தை போய்க் கேட்டும் பிள்ளையை அனுப்ப மறுக்கிறார்களே?

கேள்வி: மும்பை தாராவியில் இட்லி மாவுக் கடை நடத்துகிறோம். அம்மன் கோவில் கொடை விழாவுக்காக நெல்லைப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்த என் மகள் (16), என் தம்பி மகனையும் (13) அழைத்துக்கொண்டு ரயிலில் திரும்பினாள். பள்ளி திறக்கும்வரை அவன் எங்களோடு இருப்பதாக ஏற்பாடு. அன்று ஞாயிற்றுக்கிழமை, தண்டவாளப் பராமரிப்புக்காக லோக்கல் ரயில்களை நிறுத்தும் மெகா பிளாக்கில் மாட்டிக்கொண்டு நான் ஸ்டேஷனுக்குத் தாமதமாகப் போனேன். மகளின் செல்போனில் சார்ஜ் இல்லை. அதற்குள் ரயில்வே பாதுகாப்புப் படையினர் இருவரையும் விசாரித்துக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மகளை மறுநாள் என்னிடம் அனுப்பினார்கள். தம்பி மகனை நான்கு நாளாகக் குழந்தைகள் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு "அத்தை கடைக்கு" என்று சொன்னானாம். நான் குற்றம் செய்துவிட்டேனா? பிள்ளைகள் மீது வழக்கு வருமா?

பதில்: முதலில் உங்கள் கடைசி இரண்டு கேள்விகள். பிள்ளைகள் மீது எந்த வழக்கும் இல்லை, வரவும் வராது. உங்கள் மகளும் தம்பி மகனும் குற்றவாளிகளாக அங்கே கொண்டுபோகப்படவில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 18 வயது நிறையாத எவரையும் குழந்தை என்கிறது. குற்றம் சாட்டப்பட்ட சிறார் போவது இளைஞர் நீதிக் குழுமத்துக்கு. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை போவது குழந்தைகள் நலக் குழுவுக்கு. மும்பையில் பால் கல்யாண் சமிதி என்று சொல்வது இதைத்தான்.

நீங்களும் குற்றம் செய்யவில்லை. பெரியவர் துணையின்றிச் சிறுவர்கள் ரயிலில் போவதைச் சட்டம் தடை செய்யவில்லை. 12 வயது நிறைந்தால் ரயில்வே முழு டிக்கெட் வாங்குகிறது. ஆனால் முழு டிக்கெட் வாங்கிய பிள்ளையும் 18 வரை குழந்தைதான். பிளாட்பாரத்தில் நெடுநேரம் தனியாக நிற்கும் இருவரைக் கண்டும் காணாமல் போகாத அந்தக் காவலர் தன் கடமையைச் செய்தார். தொலைந்ததாகவோ கைவிடப்பட்டதாகவோ தோன்றும் குழந்தையைப் பொறுப்பில் எடுப்பவர் 24 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும்; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்தவும் வேண்டும். வேலைக்கென்று அழைத்துவரப்படும் எத்தனையோ பிள்ளைகள் ரயிலில்தான் வந்து இறங்குகிறார்கள். அவர் மீது கோபப்படாதீர்கள்.

தம்பி மகன் ஏன் அங்கேயே இருக்கிறான்? இரண்டு காரணங்கள் தெரிகின்றன.

ஒன்று, பெயர். மகாராஷ்டிரத்தில் ஒரே குடும்பம் என்றால் ஒரே குடும்பப் பெயர் இருக்கும். நம் பிள்ளைகளுக்கு இருப்பதோ அப்பாவின் பெயரைச் சொல்லும் ஒற்றைத் தலைப்பெழுத்து. உங்கள் மகளுக்கு உங்கள் கணவரின் எழுத்து, அவனுக்கு உங்கள் தம்பியின் எழுத்து. குழுவில் இருப்பவர்களுக்கு இவர்கள் உறவு என்று காட்ட இரண்டு ஆதார் அட்டைகளிலும் ஒன்றுமே இல்லை. ஆகவே நீங்கள் நிரூபிக்க வேண்டியது உங்களுக்கும் தம்பிக்கும் உள்ள உறவு. உங்கள் இருவரின் பள்ளிச் சான்றிதழ்களையும் தேடி எடுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய உங்கள் தலைப்பெழுத்தும் தந்தை பெயரும் தம்பியுடையவற்றோடு பொருந்தும். அதோடு சிறுவனின் பிறப்புச் சான்றிதழ், அவன் ஊர்ப் பள்ளியில் படிப்பதற்கான சான்று, இருவர் பெயரும் ஒன்றாக உள்ள பயண டிக்கெட், தம்பியும் அவர் மனைவியும் கையெழுத்திட்ட கடிதம். தமிழில் மட்டும் இருப்பவற்றுக்கு மராத்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு வையுங்கள். ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்திருந்தால் அதுதான் எல்லாவற்றிலும் வலுவான ஆவணம்.

இரண்டாவது காரணம் "அத்தை கடைக்கு" என்ற அந்த ஒரு சொல். அத்தை வீடும் கடையும் ஒன்றாக இருக்கும் பிள்ளை அப்படித்தான் சொல்வான். ஆனால் 13 வயதுச் சிறுவன் கடைக்கு வந்தேன் என்றால் குழந்தைத் தொழிலாளி என்ற சந்தேகம் எழாமல் இருந்தால்தான் தவறு. 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. அந்தக் குடும்பத்தில் தந்தையின் உடன்பிறந்த சகோதரியும் அடங்குவார். எனவே கடையில் அவன் பாக்கெட் எடுத்துக் கொடுப்பான் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். மாவு அரைக்கும் இயந்திரத்தின் பக்கம் அவனை விடமாட்டேன் என்றும் சொல்லுங்கள். ஆனால் பள்ளியை நிறுத்திவிட்டுக் கடைக்கு ஆளாகத்தான் வரவழைத்தீர்கள் என்றால், இங்கே சொல்லும் எந்த வழியும் உங்களுக்கு உதவாது, உதவவும் கூடாது. அந்தப் பிள்ளை ஊருக்குப் போய்ப் படிக்க வேண்டும்.

அப்படி இல்லை என்றே உங்கள் கடிதம் காட்டுவதால் அடுத்து என்ன செய்வது என்று சொல்கிறேன். பெற்றோரிடம் மட்டும்தான் ஒப்படைப்போம் என்று யாராவது சொன்னால் அது முழுச் சட்டம் அல்ல. குழந்தையை உண்மையில் தன் பொறுப்பில் வைத்திருப்பவரைப் பாதுகாவலராக ஏற்கும் அதிகாரம் குழுவுக்கு உண்டு. தகுதியுள்ள நபர் என்று ஒருவரை ஏற்று அவரிடமும் ஒப்படைக்கலாம். இதைக் குறிப்பிட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு. அதையும் மனுவில் சேருங்கள். சிறுவனுக்கு இந்தியோ மராத்தியோ தெரியாது என்றால் தமிழ் தெரிந்த ஒருவர் வழியாக அவனை மீண்டும் கேட்கும்படி வேண்டுங்கள். அவன் கருத்தைக் கேட்பது குழு காட்டும் சலுகை அல்ல, அவனுடைய உரிமை.

இத்தனைக்குப் பிறகும் குழு தயங்கினால், சிறுவனின் குடும்பப் பின்னணியை அறியும் சமூக விசாரணைக்கு 15 நாள் வரை ஆகலாம்; வெளியூர்க் குழந்தை என்பதால் நெல்லைக் குழுவுக்கு மாற்றவும் சட்டம் இடம் தருகிறது. அது நடந்தால் அவன் காவலரோடு இன்னொரு நீண்ட ரயில் பயணம் போக வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க என் தெளிவான யோசனை: தம்பி இன்றே மும்பைக்குப் புறப்படட்டும். தந்தை நேரில் நின்றால் பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். குழுவின் உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தந்தையின் டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தை வக்கீல் கட்டணத்துக்குக் கொடுக்க இது நேரமில்லை.

பிள்ளைகளின் படத்தை, தகவல் கேட்டுக்கூட, வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். யாராவது போட்டிருந்தால் உடனே நீக்கச் சொல்லுங்கள். இத்தகைய குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம்.

அவனைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பார்க்கும்போது, "கடைக்கு வந்தேன் என்று ஏன் சொன்னாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. அப்பா ரயிலேறிவிட்டார் என்று சொல்லுங்கள்.