வாசகர் கேள்வி பதில்: வயிற்றுக்குள் மருந்து தெளிப்பது எப்படி?

பெங்களூரில் எண்டோஸ்கோப் (வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய்) தொடர்பான கருவிகளை வடிவமைக்கும் பொறியாளர் ஒருவர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: வணக்கம் மேடம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். ரத்தம் கசியும் அல்சர் மேல் எண்டோஸ்கோப் வழியாகப் பவுடர் தெளிக்கும் குழாய்தான் என் ப்ராஜெக்ட். தாளில் தெளித்தால் வட்டமாக, சீராகப் படிகிறது. கறிக்கடையில் வாங்கிய ஆட்டுப் போட்டியில் தெளித்தால் ஒரு பக்கம் குவிகிறது, மறுபக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. நாசிலை (தெளிக்கும் நுனியை) மாற்ற வேண்டுமா?
— மாணவர், ராமமூர்த்தி நகர்

பதில்: நாசிலில் கை வைப்பதற்கு முன்னால் நீங்கள் வாங்கிய போட்டியைப் பார்ப்போம், தம்பி. ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள். கடையில் எடை போட்டுத் தருவதில் பெரும்பகுதி முதல் அறைதான். அதன் உள்பக்கம் குளிக்கும் டவல் மாதிரி சின்னச் சின்ன முனைகளாக நிற்கும். பவுடர் அந்த முனைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். நம் இரைப்பையின் உள்சுவர் அப்படி இல்லை. வழவழப்பாக, சளி பூசி, பெரிய மடிப்புகளாக இருக்கும். தவிர, கடைக்காரர் சுடுதண்ணீர் ஊற்றிச் சுரண்டிக் கொடுத்திருப்பார். உங்களுக்கு வேண்டிய சளி அதோடு போய்விட்டது.

எண்டோஸ்கோப்பி பயிற்சிக்குப் பெரும்பாலும் பன்றியின் இரைப்பையைத்தான் எடுக்கிறார்கள். அளவிலும் சுவரின் அமைப்பிலும் அது நம்முடையதற்கு நெருக்கமானது. பெங்களூரில் பன்றிக்கறிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. காலையில் அறுத்ததை, கழுவாமல் தரச் சொல்லி முந்தின நாளே கேட்டு வையுங்கள். 37 டிகிரி வெந்நீரில் அதைப் பையோடு வைத்துச் சூடேற்றிய பிறகு தெளியுங்கள். குளிர்ந்த சளியும் உடம்புச் சூட்டில் இருக்கும் சளியும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

அடுத்தது கோணம். உங்கள் சிக்கலின் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். தாளை நாசிலுக்கு நேரே பிடித்திருப்பீர்கள். வயிற்றுக்குள் அந்த வசதி கிடையாது. ஸ்கோப்புக்குள் ஓடும் சேனல் என்ற துளை வழியாக வரும் குழாய் ஸ்கோப்பின் திசையிலேயே நேராக நீட்டிக்கொண்டு வரும். இரைப்பையின் சுவரோ பெரும்பாலும் அதற்குச் சாய்வாகத்தான் இருக்கும். உள்வளைவிலும் பின்சுவரிலும் இது இன்னும் மோசம்.

ஒரு கணக்குப் போடுங்கள். 60 டிகிரி கூம்பாக, எல்லாத் திசையிலும் ஒரே அளவாகத் தெளிக்கும் நாசில். சுவர் 45 டிகிரி சாய்ந்திருக்கிறது. துகள்கள் நேர்கோட்டில் போவதாக வைத்துக்கொண்டால், கிட்டே இருக்கும் விளிம்பில் படியும் கனம் தூர விளிம்பில் படிவதைப் போல 50 மடங்குக்கும் மேல். கூம்பை 40 டிகிரியாகக் குறைத்தால் அதே சாய்வில் வித்தியாசம் 10 மடங்குக்கு இறங்கிவிடும். உங்கள் நாசிலில் ஒரு குறையும் இல்லாமலேயே ஒரு பக்கம் குவிந்து, மறுபக்கம் வெறுமையாக இருக்கலாம்.

ஒரே அழுத்தலில் முழுப் புண்ணையும் மூடிவிட வேண்டும் என்று அகலக் கூம்புக்கு ஆசைப்படுகிறவர்கள் நிறைய. நான் குறுகிய கூம்பின் கட்சி. 40 டிகிரி கூம்பு 2 செ.மீ. தூரத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை செ.மீ. அகலத்துக்கு விழும். டாக்டரின் இடது கட்டைவிரல் ஸ்கோப்பின் சக்கரத்தைத் திருப்பத் திருப்ப, அந்தப் பட்டை சுவர் மேல் நகரும். ஒரு பட்டையின் பாதி மேல் அடுத்த பட்டை ஏறும்படி தெளித்தால் ஓரத்து மெல்லிசு சரியாகிவிடும். ஆகவே கருவியைத் தனியாக வைத்துக்கொண்டு சீராகப் படிகிறதா என்று பார்ப்பதில் அர்த்தம் இல்லை. அது ஒரு மனிதரின் கையில் நகரும்போது சீராகப் படிகிறதா என்று பாருங்கள். இந்தக் களத்தில் எனக்குச் சொல்ல இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

தூரத்தையும் மறக்காதீர்கள். 1 செ.மீ.யிலிருந்து 2 செ.மீ.க்குப் பின்வாங்கினால் பரப்பு நான்கு மடங்கு, கனம் நாலில் ஒரு பங்கு. இரைப்பை அசைந்துகொண்டும் மூச்சோடு ஏறி இறங்கிக்கொண்டும் இருக்கும். அதனால் அந்த 1 செ.மீ. வித்தியாசம் நொடிக்கு நொடி வரும். குழாயின் நுனியில் இரண்டு நிறக் கோடுகள் போட்டுக் கொடுத்தாலே, திரையைப் பார்த்துக்கொண்டு டாக்டர் தூரத்தைக் கணித்துக்கொள்வார். பெரிய செலவில்லாத வேலை இது. செய்யுங்கள்.

அளப்பதற்கு: ஒரு செ.மீ. சதுரமாக அலுமினியத் தாள்களை வெட்டி, ஒவ்வொன்றையும் எடை போட்டு, சாய்வுப் பலகையில் கட்டம் கட்டமாக ஒட்டுங்கள். தெளித்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். கல்லூரி வேதியியல் லேபில் 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு இருக்கும். சராசரியையும் அதிலிருந்து கட்டத்துக்குக் கட்டம் எவ்வளவு விலகுகிறது என்பதையும் எழுதுங்கள். 0, 30, 45, 60 டிகிரி என்று நான்கு சாய்விலும் இதைச் செய்யுங்கள். அப்புறம் பன்றி இரைப்பையில் தெளித்து, மேலே தண்ணீர் ஊற்றி, எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். தேர்வாளர்கள் முன்னால் அழகான வட்டப் படத்தை வைப்பதைவிட இந்த நான்கு சாய்வின் அட்டவணையை வைத்தால் உங்கள் உழைப்பு தெரியும்.

கேள்வி: நான் ஓர் எண்டோஸ்கோப்பி டெக்னீஷியன். பவுடர் தெளிக்கும்போது பாதியிலேயே குழாய் அடைத்துக்கொள்கிறது. டாக்டருக்குக் கோபம் வருகிறது. பவுடரைத் தள்ளும் கேஸின் அழுத்தத்தைக் கூட்டினால் சரியாகுமா?
— சிவாஜி நகர்

பதில்: அழுத்தத்தைக் கூட்ட வேண்டாம். கருவியோடு வந்த கையேட்டில் சொன்ன அளவைத் தாண்டவே வேண்டாம். மூடிய வயிற்றுக்குள் கேஸ் ஏறினால் வயிறு உப்பும், சுவர் கிழியவும் வாய்ப்புண்டு. அறுவை சிகிச்சையில் ரத்தக்கசிவை நிறுத்தும் ஃபைப்ரின் பசையைக் கேஸ் அழுத்தத்தில் தெளித்தபோது ரத்தக்குழாய்க்குள் கேஸ் புகுந்து ஆபத்தானதால், தூரத்துக்கும் அழுத்தத்துக்கும் வரம்பு வைக்கச் சொல்லி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது.

அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். தண்ணீர் பட்டால் கட்டியாக வேண்டும் என்றே செய்த பவுடர் அது. புண்ணின் மேல் செய்ய வேண்டிய வேலையைக் குழாய்க்குள்ளேயே செய்துவிடுகிறது. ஸ்கோப்பில் உறிஞ்சுவதும் குழாய் நுழைவதும் ஒரே சேனல் வழியாகத்தான். அதனால் குழாயை விடுவதற்கு முன் பெரிய சிரிஞ்சால் சேனலுக்குள் காற்றைச் செலுத்திக் காயவையுங்கள். குழாய் உள்ளே இருக்கும்போது உறிஞ்ச வேண்டாம் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நுனி சதையிலோ ரத்தத்திலோ பட்டால் அந்தக் குழாய் போனதுதான். மாற்றுக் குழாய் ஒன்று பிரிக்காமல் பக்கத்தில் இருக்கட்டும். நீளமாக அழுத்திப் பிடிக்காமல் சின்னச் சின்னதாக அழுத்துங்கள். உள்ளே புகைமூட்டம் அடங்கினால்தான் டாக்டருக்கு அடுத்த இடம் தெரியும்.

வடிவமைக்கிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. தெளிக்காத நேரத்திலும் மெல்லியதாகக் கொஞ்சம் கேஸ் வந்துகொண்டிருந்தால் ஈரம் பின்னோக்கி ஏறாது. பவுடரை ரொம்ப நைசாக அரைக்கவும் கூடாது. 20, 30 மைக்ரானுக்குக் கீழே போனால் துகளோடு துகள் ஒட்டும். பிளாஸ்டிக் குழாயில் உரசி மின்னேற்றம் வேறு. துளையில் கஞ்சத்தனம் செய்தாலும் கஷ்டம். திரவ மருந்தானால் உள்விட்டம் 10 சதவீதம் குறைந்தாலே அதே அழுத்தத்தில் போகும் அளவு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வயிற்றைப் பார்க்கும் சாதாரண கேஸ்ட்ரோஸ்கோப்பின் சேனல் 2.8 மி.மீ. அதற்குள்தான் குழாயின் சுவரும் துளையும் அடங்க வேண்டும். பாதியில் அடைத்துக்கொண்டால் உங்கள் மேல் கோபப்படுவது நியாயமே இல்லை. அந்தக் குறையைப் போக்க வேண்டியது எங்களைப் போன்றவர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்த வாந்தி வந்து, எண்டோஸ்கோப்பியில் பவுடர் தெளித்து ரத்தத்தை நிறுத்தினார்கள். மறுநாளே மறுபடி எண்டோஸ்கோப்பி செய்து கிளிப் போட்டார்கள். முதல் நாள் சரியாகச் செய்யவில்லையா?
— வாசகி, அல்சூர்

பதில்: அப்படி நினைக்க வேண்டாம், அம்மா. 2018-ல் எஃப்.டி.ஏ. அனுமதித்த ஹீமோஸ்ப்ரே போன்ற பவுடர்கள் ரத்தத்திலுள்ள நீரை இழுத்துக்கொண்டு புண்ணின் மேல் மூடிபோல் இறுகும். புண்ணை ஆற்றுவது அதன் வேலை இல்லை. ஓரிரு நாளில் தானாக உதிர்ந்துவிடும். ரத்தம் பொங்கிக்கொண்டிருக்கும்போது எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகலாம். அந்த நேரத்தில் பவுடர் அவகாசம் வாங்கித் தரும். அடுத்த நாள் ஓட்டம் நின்ற பிறகு ரத்தக்குழாயைப் பார்த்து, அதை நெருக்கி மூடும் சின்னக் கிளிப் போடுவது பல இடங்களில் செய்கிற முறைதான். வீட்டுக்கு வந்த பிறகு தார் மாதிரி கறுப்பாக மலம் போனாலோ, தலைசுற்றலோ மறுபடி வாந்தியோ வந்தாலோ காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள்.

கேள்வி: உணவுக்குழாயில் அயோடின் தெளித்துப் பரிசோதிக்கப் போகிறார்களாம். அதற்கும் சீராகத் தெளிக்க வேண்டுமா?
— வாசகர், ஜீவன்பீமா நகர்

பதில்: அதற்குத்தான் மிக அவசியம். லூகோல் என்ற அந்த அயோடின் கரைசல் நல்ல செல்களைப் பழுப்பாக்கும். நிறம் ஏறாத இடத்தில்தான் டாக்டருக்குச் சந்தேகம் வரும். தெளிப்பு படாமல் விட்டுப்போன இடமும் அதே மாதிரிதான் தெரியும். அதனால் முதலில் சளியைக் கழுவிவிட்டு, கீழிருந்து ஸ்கோப்பை மெதுவாக இழுத்துக்கொண்டே சுற்றிலும் தெளிப்பார்கள். தெளித்த பிறகு நெஞ்சு கொஞ்சம் எரியலாம். அயோடின் அலர்ஜியோ தைராய்டு பிரச்சினையோ இருந்தால் முன்னதாகவே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.