கதான்ஸ்கில் ஒரே ஒரு நாள் கிடைத்தால் எதைப் பார்க்கலாம்?

போலந்தின் பால்டிக் கடல் துறைமுகமான கதான்ஸ்கில் ஒரு நாள்தான் என்றால், நெப்டியூன் நீரூற்றைப் போகிற போக்கில் பார்த்துவிட்டு மொத்வாவா ஆற்றங்கரைக்குச் செல்லுங்கள். அங்கே 15ஆம் நூற்றாண்டுப் பாரந்தூக்கி ஒன்று கட்டடம் போல நிற்கிறது. பெரிய மரச்சக்கரங்களுக்குள் ஆட்கள் நடந்து நடந்தே கப்பல் சரக்கைத் தூக்கினார்கள்; பாய்மரங்களையும் நிறுத்தினார்கள். 1945இல் எரிந்துபோன இதை மீண்டும் கட்டியிருக்கிறார்கள். சுற்றியுள்ள பழைய வீடுகளில் பெரும்பாலானவையும் அப்படி எழுந்தவைதாம்.

பிற்பகல் முழுவதையும் கப்பல் கட்டும் தளத்துக்கு ஒதுக்குங்கள். என்னைக் கேட்டால், இந்த ஊருக்கு வருவதே இதற்காகத்தான். 1980 ஆகஸ்டில் லேக் வலேசா தலைமையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள், 21 கோரிக்கைகளை ஒட்டுப்பலகைகளில் கையால் எழுதி இரண்டாம் எண் வாயிலில் மாட்டினார்கள். ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் பிடியில் இல்லாத சுதந்திரத் தொழிற்சங்கம் வேண்டும் என்பதே முதல் கோரிக்கை. அந்தப் பலகைகளை அருகிலுள்ள ஐரோப்பிய ஒற்றுமை மையத்தில் பார்க்கலாம்; ‘ஒற்றுமை’ (சாலிடாரிட்டி) என்பது அந்தப் போராட்டத்தில் பிறந்த தொழிற்சங்கத்தின் பெயர். அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

நேரம் மிஞ்சினால், 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு பொழிந்து இரண்டாம் உலகப் போர் தொடங்கிய வெஸ்டர்பிளாட் தீபகற்பத்துக்குப் பஸ்ஸில் போய் வரலாம். அம்பர் (கல்லாக இறுகிய பழங்கால மரப்பிசின்) நகை வாங்க மரியாட்ஸ்கா தெரு நல்லது. அசல் அம்பர்தான் என்ற சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.