வாசகர் கேள்வி – பதில்: லேமினேட் தளமும் சுவரோர இடைவெளியும்

கேள்வி: 1960களில் கட்டப்பட்ட வீட்டில் குடியிருக்கிறோம். சிவப்பு மெருகு பூசிய பழைய சிமெண்ட் தளத்தின் மேல், சென்ற ஜூலையில் என் மகன் தன் கையாலேயே கூடத்துக்கு லேமினேட் பலகை பதித்தான். ஓர் இடுக்கும் கண்ணில் படக்கூடாது என்று பலகைகளைச் சுவரோடு ஒட்டவைத்து, மிஞ்சிய சந்துகளைச் சிலிக்கோனால் அடைத்து, ஓரத்தை மூடும் கால்வட்டப் பீடிங் பட்டையைப் பலகையிலேயே ஆணியடித்து முடித்தான். தைப்பூசத்துக்கு உறவினர் வந்திருந்தபோது கூடத்தின் நடுப்பகுதி மேலெழும்பியிருந்தது. கால் வைத்தால் அமுங்கிக் கிறீச்சிட்டது. எல்லாவற்றையும் பெயர்த்தெறிய வேண்டுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை, அம்மா. உங்கள் மகன் வேலையில் குறை வைக்கவில்லை. அளவுக்கு மீறிய நேர்த்திதான் இங்கே குறையாகிவிட்டது. லேமினேட் பலகையின் நடு உடல் மரநாரை அழுத்திச் செய்தது. நம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில், ஜூலையின் வறண்ட குளிர்காலத்தில் சுருங்கியிருந்த அப்பலகை, தைப்பூச வேளைக் கோடையின் ஈரக்காற்றை உறிஞ்சி விரிகிறது. ஒவ்வொரு பலகையும் விரிவது மிகச் சிறிதே என்றாலும், கொக்கிப் பூட்டால் எல்லாம் ஒன்றாக இணைந்திருப்பதால் கூடத்தின் முழு அகலத்துக்கும் அது சில மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும். நான்கு புறமும் சுவர் தடுக்கும்போது, அந்தத் தளம் மேலே எழும்புவதைத் தவிர வேறு எங்கே போகும்? இத்தகைய தளம் தரையில் ஒட்டப்படுவதில்லை. அடிவிரிப்பின் மேல் தனித்துக் கிடப்பது. எனவே சுவர், தூண், குழாய், நிலைச்சட்டம் எதுவாயினும் அதைச் சுற்றி 10 மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும்.

முதலில் பீடிங்கைக் கழற்றிச் சிலிக்கோனைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். பிறகு சுவரோரமாக 10 மில்லிமீட்டரில் கோடு கிழித்து, அதிர்ந்து வெட்டும் கைக்கருவியால், அடிவிரிப்பு அறுபடாதபடி ஆழத்தைப் பார்த்து வெட்டவேண்டும். அழுத்தம் நீங்கியதும் சில நாட்களில் நடுப்பகுதி தானாகவே படிந்துவிடும். அவசரப்பட்டு அதன் மேல் பாரம் ஏற்றவேண்டாம். படிந்த பின்னும் இணைப்பு விளிம்புகள் தடித்து நின்றால் அவை நீர் குடித்துவிட்டன என்று பொருள். ஊதிய விளிம்பு மீண்டும் ஒடுங்காது. அந்தப் பலகைகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அப்படி விளிம்பு ஊதியிருந்தால் கீழிருந்து ஈரம் வருகிறதா என்றும் பார்க்கவேண்டும். பழைய வீடுகளில் தரைக்கடியில் ஈரத்தடுப்பு இருக்கும் என்று நம்பி இறங்கக்கூடாது. மூலையில் இரண்டொரு பலகையைக் கழற்றி, வெறும் சிமெண்டின் மேல் அரை மீட்டர்ச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் நாடா ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ, தளத்தை எடுத்து, 0.2 மில்லிமீட்டர் பாலித்தீன் தாளை, தாளின் மேல் தாள் 200 மில்லிமீட்டர் ஏறும்படி விரித்து ஒட்டிய பிறகே மீண்டும் பதிக்கவேண்டும். அப்போது 2 மீட்டர் நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்து, 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பள்ளம் இருந்தால் சமன்கலவை ஊற்றுங்கள். ஆனால் பல ஆண்டுகளாகத் தேய்த்த அந்தச் சிவப்பு மெழுகைச் சுரண்டி நீக்காமல் ஊற்றினால் கலவை பிடிக்காது, செதில் செதிலாகப் பெயரும்.

ஓரத்தை மூடுவது இனி எளிது. ஸ்கர்ட்டிங் என்னும் சுவரடிப் பட்டையோ பீடிங்கோ, எதுவானாலும் ஆணி சுவரிலோ ஸ்கர்ட்டிங்கிலோ இறங்கவேண்டுமே தவிர, ஒருபோதும் பலகையில் இறங்கக்கூடாது. கால்வட்டப் பீடிங் 10 மில்லிமீட்டர் இடைவெளியை மறைத்து, அதற்கு மேலும் சற்று வெளியே நிற்கும் அகலமுடையதாக இருக்கட்டும். மூலைகளை 45 பாகையில் வெட்டும் முன் சுவரின் கோணத்தை அளந்துவிடுங்கள். பழைய சுவர் மூலை சரியாக 90 பாகை இருப்பது அரிது. இதை நம்பாமல் வெட்டி, நாணயம் நுழையும் சந்துக்கு நானும் ஒருமுறை மக்கு பூசியிருக்கிறேன்.

கேள்வி: கதவு நிலையின் அடிப்பாகத்தை அறுத்துப் பலகையை உள்ளே செருகச் சொல்கிறார்கள். எங்கள் நிலைகள் எல்லாம் இரும்புத் தகட்டில் ஆனவை. என்ன செய்வது?
– வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அந்த யோசனை மரநிலைக்கு உரியது. அங்கே ஒரு துண்டுப் பலகையை அடிவிரிப்போடு தரையில் வைத்து, அதன் மேல் ரம்பத்தைக் கிடத்தி அறுத்தால் உயரம் தவறாது. நம் நாட்டு வீடுகளில் ஏராளமாக உள்ள இரும்பு நிலையை அறுக்க முயலாதீர்கள். நிலையின் வளைவுகளை அட்டையில் வார்ப்பாக வெட்டி எடுத்து, அதைப் பலகையில் வரைந்து, 10 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். அந்த இடைவெளியில் நுரைக்கயிற்றை அமுக்கி, மேலே மட்டும் பலகையின் நிறச் சிலிக்கோனைப் பூசுங்கள். கயிறு கீழே இருப்பதால் சிலிக்கோன் அடிவரை இறங்கித் தளத்தைக் கட்டிப்போடாது. வாசற்படியில் இரு அறைத் தளங்களையும் பிரித்து, நடுவில் வைக்கும் பட்டையின் திருகுகளைச் சிமெண்டிலேயே முடுக்குங்கள். அங்கே தண்ணீர்க்குழாயோ மின்கம்பியோ ஓடவில்லை என்று துளையிடுமுன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: சாமி அறையிலும் இதைப் பதிக்கலாமா? விளக்கெண்ணெய் சிந்துமே?
– வாசகி, டோங்காட்

பதில்: பதிக்கலாம். எண்ணெயைத் துணியால் துடைத்தால் போதும். கலசத்து நீர் இணைப்பில் தங்குவதுதான் ஆபத்து, அதை உடனே ஒற்றிவிடுங்கள். கற்பூரத் தணல் விழுந்த வடு போகாது என்பதால் ஆரத்தித் தட்டின் கீழ் அகலமான பித்தளைத் தாம்பாளம் வையுங்கள். சுவரோடு சேர்த்துக் கட்டிய கனமான சாமி மாடம் இருந்தால், அதைத் தளத்தின் மேல் ஏற்றாமல், பலகையை அதன் முன்னால் 10 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.